விஜயதசமிக்கு மறுநாள்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சைக்கிள் நின்றது. லேடீஸ் சைக்கிள், அரக்கு நிறம், முன்னால் கம்பிக் கூடை. ஆயுத பூஜை வந்தால் என் வீட்டுக்காரர் அதை வாசலுக்கு இறக்கிக் குளிப்பாட்டுவார். சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை எல்லாம் உண்டு. முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓர் உருட்டு உருட்டுவார். பழம் நசுங்கியதும் சைக்கிள் மறுபடியும் முன்னறைக்கு ஏறிவிடும். வருஷம் முழுக்க அது போன தூரம் ஒரு எலுமிச்சம்பழத்தின் அகலம்தான். இத்தனை காலம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது எனக்காக வாங்கிய சைக்கிள். எண்பதுகளின் பின்பாதியில் நான் தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். எனக்கு சால்டரிங் வரிசை. குனிந்த தலை நிமிராமல் பலகை பலகையாக ஈயம் வைக்க வேண்டும். அந்தப் புகை நேராக மூக்குக்குத்தான் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபியைக் கையில் எடுத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். காபி ஆறின பிறகும் இருமல் நிற்காது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வேலையை மாத்த முடியுமாம்மா?" என்றார், ஏதோ புடவையை மாற்றச் சொல்வதுபோல.

மாற்ற ஒரு வழி இருந்தது. வரிசையின் மறுகோடியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியின் கீழே பலகையை வைத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடும் வேலை. அங்கே புகை கிடையாது. ஆனால் அந்த டேபிள் முதல் ஷிஃப்டுக்கு மட்டும்தான். காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து முதல் பஸ் புறப்படுவதே ஆறுக்குப் பிறகுதான், அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால். வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. அவருடைய கம்பெனி பஸ்ஸும் அதே நேரத்துக்கு எதிர்த் திசையில் போகும், அதனால் அவர் கொண்டுவிடவும் வழியில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். தெரியாவிட்டால் புகையும் இருமலும். கணக்கு அவ்வளவு எளிது.

சைக்கிள் வந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் வரவில்லை.

இதற்கு என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு முடித்திருப்பேன். அவர் நல்லவர், ஆசையாகத்தான் வாங்கி வந்தார். ஆனால் எதையும் நல்ல நாளில், முறையாக, சரியான இடத்தில் தொடங்க வேண்டும் அவருக்கு. நல்ல நாள் என்றால் விஜயதசமி. ஆயுத பூஜைக்கு மறுநாள், எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாள். அன்று காலையில் குளித்து, நெற்றியில் விபூதியோடு வாசலில் வந்து நின்று, "வா, ஏறு" என்பார். நான் புதுப் புடவையோடு ஏறி உட்காருவேன். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் கேட்டிலிருந்து தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் தள்ளுவார். கம்பம் வந்ததும் நிறுத்துவார்.

"அவ்ளோதான். ஆரம்பிச்சாச்சு. இனிமே தானா வந்துடும்."

பிறகு கேசரி சாப்பிடுவோம். அவர் முகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்த களை இருக்கும். மறுநாள் நான் சைக்கிளைப் பார்ப்பேன், அவர் வானத்தைப் பார்ப்பார். "மழை ஆரம்பிச்சுடுச்சு. ஈர ரோட்ல வழுக்கும். மழை முடியட்டும்." மழை முடிந்தால் மார்கழி. மார்கழியில் பனி. காலையில் பனி இருந்தால் சாயங்காலம் கற்றுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டால், சாயங்காலம் அவருக்கு அசதி. ஞாயிற்றுக்கிழமை என்பார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய அக்கா குடும்பத்தோடு வருவார், இல்லாவிட்டால் மோட்டார் ரிப்பேர் ஆகும், இல்லாவிட்டால் டி.வி.யில் மத்தியானப் படம் நன்றாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஏரி. "ரோட்ல கத்துக்கறது டேஞ்சர். ஏரி காயட்டும். நடு ஏரியில கொண்டுபோய் விடறேன், எந்தப் பக்கம் விழுந்தாலும் மண்ணுதான்." வெயில் காலத்தில் ஏரி ஓரளவு காய்ந்துவிடும் என்பது உண்மைதான். அது காய்வதற்காக நான் காத்திருந்தேன். ஊரில் எல்லோரும் கிணற்றில் தண்ணீர் இறங்குகிறதே என்று கவலைப்பட்டபோது, நான் மட்டும் ஏரி வற்றுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். வற்றியது. அங்கே நான்கு கூட்டமாகப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். "இத்தனை பசங்க நடுவுல நீ விழுந்து எழுந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு ஆடி வந்தது. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாதாம். தொடங்கத்தான் கூடாது, நாம்தான் ஏற்கெனவே தொடங்கிவிட்டோமே, தொடரலாமே என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு சிரிப்பு சிரித்தார், அவ்வளவுதான். ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசி வந்ததும், "இதோ, விஜயதசமி வந்தாச்சே. நல்ல நாள்ல மறுபடி ஆரம்பிச்சிடலாம்" என்பார்.

இப்படி வருஷா வருஷம் ஆரம்பித்தோம். தாம்பரம் வட்டாரத்திலேயே சைக்கிள் கற்றுக்கொள்ள அதிக தடவை ஆரம்பித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை நடந்தது. நான் வருஷமெல்லாம் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி கறுத்துப்போன சால்டரிங் கம்பிக்கும் பொட்டு வைத்தார்கள். பொரி கடலை வாங்கிக்கொண்டு நின்றபோது சூப்பர்வைசர் மேடம் பக்கத்தில் வந்தார். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருந்த பெண் கல்யாணமாகிப் போகிறாள் என்பது எங்களுக்கெல்லாம் முன்பே தெரியும். அந்த இடம் எனக்குத்தான் என்று வரிசையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பியிருந்தேன்.

"உன் பேரைத்தாம்மா சொல்லலாம்னு இருந்தேன். ஆனா ஆறு மணிக்கு நீ எப்படி வருவ? செம்பாக்கத்துலேர்ந்து பஸ் இல்லியே" என்றார்.

"சைக்கிள் இருக்கு மேடம்."

"ஓட்டுவியா?"

என் வாயில் பொரி இருந்தது. அதை விழுங்கினேன். என்னைவிட இரண்டு வருஷம் பின்னால் வந்த ஒரு பெண்ணுக்கு அந்த இடம் போயிற்று. அவளை அவள் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவான். அந்தப் பெண் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அந்தக் கறுத்துப்போன கம்பியைப் பார்த்ததும் வீட்டுச் சைக்கிள் மேல் திரும்பியது. அது தினமும் வேலை செய்கிறது, அதற்குப் பொட்டு வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மறுநாள் ஆயுத பூஜை. வீட்டில் அவர் சைக்கிளை வாசலுக்கு இறக்கி, ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க பொட்டு?"

"சாமி விஷயத்துல கோவப்படாத."

"சாமி இதைப் பாத்தா சிரிக்கும். டயர் தேயல, பிரேக் கட்டை தேயல, பெல்லைக்கூட நீங்க வருஷத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கறீங்க. எனக்கு நெஞ்சு தேஞ்சு போச்சு. அதுக்கு ஒரு பொட்டு வைங்க."

சக்கரத்தின் அடியில் வைக்க எடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதைப் பிழிந்து சாதம் கலந்தேன். அவர் முழுக்கச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார்.

விஜயதசமிக் காலையில் விபூதியோடு வாசலில் வந்து நின்றார். "கோவமெல்லாம் விடு. வா, ஏறு."

"இன்னைக்கு ஏற மாட்டேன்."

"நல்ல நாள்மா."

"நல்ல நாள்ல ஏறி ஏறித்தான் இங்கியே நிக்கறேன். நாளைக்கு ஏறிக்கறேன்."

"நாளைக்கு ஏகாதசி ஆச்சே" என்றார். அந்த மனிதர் அதையும் பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சைக்கிளை இறக்கினேன். ஏறவில்லை, ஏறத் தெரியாதே. உருட்டிக்கொண்டு போனேன். யோசித்துச் செய்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், கோபத்தில் செய்தேன். கற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? வெளியே எடுத்தால்தானே கற்றுக்கொள்ள முடியும்? தினமும் நான் வேலைக்குப் போகிறேன், இனிமேல் இதுவும் கூட வரட்டும். சமையலுக்கு நாள் பார்க்கிறோமா, துணி துவைக்க நாள் பார்க்கிறோமா? இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பிங் போவதற்குள் டயர் இரண்டும் தரையோடு படிந்துவிட்டன. ஸ்டாப்பிங் பக்கத்திலேயே சைக்கிள் கடை. கடைக்காரர் டயரைக் கழற்றிப் பார்த்தார். நின்றே கிடந்ததில் டியூப் டயரோடு ஒட்டிப்போயிருந்தது.

"இன்னாக்கா இது, வண்டி புச்சாகீது, டியூப்பு கெழடாகீது?"

"மாத்திக் குடுங்க. சாயங்காலம் எடுத்துக்கறேன்."

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாளும் ஸ்டாப்பிங் வரை உருட்டி, கடையில் விட்டு, பஸ் ஏறினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, டெய்லி சைக்கிளை வாக்கிங் இட்டுகினு வர்றீங்க? கத்துக்கினு அப்பறமா எடுத்துனு வாங்கக்கா, பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

உருட்டும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. புடவை கட்டின பொம்பளை, நல்ல சைக்கிளை வைத்துக்கொண்டு நடந்து போகிறாள். பஞ்சரா என்று கேட்காத ஆள் இல்லை. ரிட்டயரான பெரியவர் ஒருவர் ஏரிக்கரையில் வாக்கிங் வருவார். அவர் என்னை நிறுத்தி வைத்து, முதலில் நல்ல மைதானமாகப் பார்க்க வேண்டும், பிறகு சின்ன சைக்கிளில் பழக வேண்டும், அதற்குப் பிறகுதான் இது என்று பாடம் எடுத்தார். எனக்கு பஸ் போய்விட்டது. கற்றுக்கொள்ள எனக்கு யோசனை சொன்னவர்களை வரிசையில் நிற்க வைத்தால் தாம்பரம் ஸ்டேஷன் வரை நிற்பார்கள். மறுநாள் வந்து சீட்டைப் பிடித்தவர் ஒருவரும் கிடையாது.

ஆனால் தினமும் கையில் இருந்தால் எதுவும் பழகிப்போகும். எந்தப் பக்கம் சாய்ந்தால் எந்தப் பக்கம் இழுக்கும், கல் ஏறினால் ஹேண்டில் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் இடது காலைப் பெடலில் வைத்து வலது காலால் தரையை உந்தினேன். கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பயந்து இறங்கிவிட்டேன். அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடி உந்தினேன். ஏரிக்கரை முடிகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம் உண்டு. அங்கே சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரைக்குக் கொஞ்சம் மேலே தூக்கிவைத்துக்கொண்டு இறங்கப் பழகினேன். முள்வேலியில் விழுந்தேன். ஒரு புடவை கிழிந்தது. எழுந்து உருட்டிக்கொண்டு போனேன், எப்படியும் வேலைக்குப் போக வேண்டுமே.

மழையும் வந்தது, அவர் சொன்னபடியே. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அந்த நாட்களில் ஏறவும் முடியாது, உந்தவும் முடியாது. ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் போனேன். "இந்த மழையில எதுக்கு அதையும் இழுத்துக்கிட்டு?" என்றார் வீட்டுக்காரர். ஒரு நாள் உள்ளே விட்டால் அது மறுபடியும் சாமியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மழை நின்ற பிறகு இன்னொன்று செய்தேன். முதல் ஸ்டாப்பிங்கில் சைக்கிளை விடாமல், அடுத்த ஸ்டாப்பிங் வரை போய் அங்கே ஒரு டீக்கடையில் விட்டேன். அங்கிருந்து பஸ். சில வாரம் கழித்து அதற்கும் அடுத்த ஸ்டாப்பிங். பிறகு சிட்லபாக்கத்தில் ஒரு பொட்டிக்கடை வாசல். இடையில் ரோடு காலியாக இருந்தால் ஓட்டுவேன், எதிரே லாரி வந்தால் இறங்கி நிற்பேன். கூட்டம் கண்டால் உருட்டுவேன். நான் ஓட்டக் கற்றுக்கொண்டது எந்த நாளில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு நாளே இல்லை. உருட்டுகிற தூரம் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான். கேசரி போட்டுக் கொண்டாட அதில் ஒன்றும் இல்லை.

வெயில் காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இன்னொரு இடம் காலியாயிற்று. மேடம் வரிசைப் பக்கம் வந்ததும் இந்த முறை நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், நான் வர்றேன்."

"ஆறு மணிக்கா? எப்படி?"

"சைக்கிள்ல."

"ஓட்ட வந்துடுச்சா?"

"முக்கால்வாசி தூரம் ஓட்டுவேன். மீதியை உருட்டுவேன். ஆறு மணிக்கு உள்ள இருப்பேன் மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமைலேர்ந்து வா. ஒரு மாசத்துல லேட்டானேன்னா திரும்பவும் சால்டரிங்தான், பாத்துக்க" என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் நல்லா பழகிட்டு அடுத்த தடவை கேட்டிருக்கலாமே." கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டேன். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை இருட்டு பிரியாத நேரத்தில் கிளம்பினேன். ஏரிக்கரையை ஓட்டிக்கொண்டே தாண்டினேன். சிட்லபாக்கம் தெருக்களில் நாய்கள் துரத்தின. இறங்கி உருட்டினால் அவை நின்றுவிடும் என்று எனக்கு மாதக்கணக்காகத் தெரியும், உருட்டினேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. இரண்டு வண்டி போகும் வரை நின்றேன். லாரிகள் பறக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை, அதை உருட்டிக்கொண்டே கடந்து, ஓட்டமும் நடையுமாகக் கம்பெனி வாசலுக்கு வந்தேன். ஆறு அடிக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன், "எதுக்கும்மா இப்படி இரைக்குது, மெதுவா போ" என்றார். அன்றைக்கு வாங்கின இரைப்பு வேறு. அதில் புகை இல்லை.

மழைக்கு முன்பே இருமல் போய்விட்டது. காபியைச் சூடாகக் குடிக்க ஆரம்பித்தேன். அடுத்த ஆயுத பூஜையும் வந்தது.

அந்த வருஷம் சைக்கிள் பூஜைக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். மட்கார்ட் நசுங்கியிருந்தது. ஒரு பெடலில் ரப்பர் இல்லை. கூடையின் ஒரு பக்கம் கம்பி விட்டுப்போயிருந்தது. அவர் உட்கார்ந்து சேறு சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா சுண்டல் வாங்க வந்தவர், சைக்கிளைப் பார்த்து, "பரவால்லையே, இந்த வயசுல கத்துக்கிட்டு டெய்லி அவ்ளோ தூரம் போறியே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "விஜயதசமி அன்னைக்கு நான்தாங்க கைபிடிச்சு ஆரம்பிச்சு வெச்சேன். நல்ல நாள்ல தொடங்கினா எப்படி வந்துடுது பாருங்க."

"உங்களுக்குக் கைராசிதான்" என்றார் அக்கா.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிற்று. முள்வேலியில் விழுந்தது கைராசியா? முழங்கால் தண்ணீரில் உருட்டினது கைராசியா? "ஆமாங்கக்கா, தொடங்கி வெச்சது இவர்தான். ஒவ்வொரு வருஷமும் தொடங்கி வெச்சாரு. மறுநாள் எங்க போனாருன்னு கேளுங்க" என்றேன். அக்கா சுண்டலைப் பார்த்தார். இவர் சிரித்துக்கொண்டே, "கோவக்காரி" என்றார். உண்மைதான், கோவக்காரியாக இல்லாவிட்டால் இன்னும் சால்டரிங் வரிசையில் இருமிக்கொண்டு இருந்திருப்பேன்.

பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். ஆனால் உருட்டவில்லை. "இப்ப ராகு காலம். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு மேல நல்ல நேரம், அப்ப உருட்டிக்கலாம். அதுவரைக்கும் வண்டியைத் தொடாத" என்றார்.

"நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு. லீவு இல்லை."

"ஒரு நாள் பஸ்ல போயேன்."

ஆறு மணிக்கு முன்னால் பஸ் கிடையாது என்பது இந்த மனிதருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாதா? தெரியும். நான் சீக்கிரமே போய்ப் படுத்துக்கொண்டேன்.

விஜயதசமி அன்று விடியும் முன்னே எழுந்து குளித்தேன். டிபன் பாக்ஸைக் கூடையில் வைத்தேன். கேட்டைத் திறந்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மாலையோடு சைக்கிளில் ஏறினேன். சக்கரம் பழத்தின் மேல் ஏறி இறங்கிற்று. சத்தம் கேட்டு அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஏய், இன்னும் நேரம் வரலை!"

ஆறு மணிக்கு நான் உள்ளே இருக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டி மிதித்தேன்.